கோடையில் எடுத்த ஆய்வில் எங்கள் தாங்கல் (மழைநீர் தேங்கும் சிறு ஏரி) இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன செய்வது?

கேள்வி: பாலாற்றங்கரை விவசாயி

வணக்கம். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு தொழிற்பூங்கா வரவிருக்கிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் 19 நாள்கள் உள்ளன. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், திட்ட இடத்தில் நீர்நிலை எதுவும் இல்லை, நிலம் முழுவதும் தரிசு என்கிறது. அதிலுள்ள படத்தில் வெடித்துக் கிடக்கும் மண்ணும் சீமைக் கருவேலமும்தான் தெரிகின்றன. அதுதான் எங்கள் தாங்கல். ஐப்பசியில் மேலேரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழிந்தால் தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும். தை வரை இடுப்பளவு இருக்கும். கீழ்க்காட்டுக் கிணறுகள் அதை நம்பித்தான் ஊறுகின்றன. கூட்டத்தைப் புறக்கணிக்கலாம் என்று ஊரில் பலர் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: நீரோட்டம்

முதலில், ஆங்கில அறிக்கையில் கள ஆய்வு நடந்த மாதங்களைப் பாருங்கள். பெரும்பாலான திட்டங்களுக்கு, மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவே போதும் என்று ஏற்றுக்கொள்ளப்படுகிறது. காற்று மாசை அளப்பதற்கு அது ஓரளவு பொருந்தலாம். ஆனால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில், மார்ச் முதல் மே வரை அளந்துவிட்டு நீர்நிலை இல்லை என்று எழுதுவது, ஏரிப் பாசன நாட்டின் அடிப்படையையே பார்க்காமல் விடுவதாகும். தாங்கலை மேடாக்கினால் கலங்கல் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் புகும், கிணறுகளின் ஊற்று என்னவாகும் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் கையில் இருப்பது வரைவு அறிக்கைதான். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்தில் எழும் முக்கியமான சுற்றுச்சூழல் கவலைகளுக்கு விடை சேர்த்து அறிக்கையைத் திருத்திய பிறகே அது மதிப்பீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும்.

பதில்: மலையடிவாரம்

புறக்கணிக்காதீர்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் நடக்கும் என்ற வரம்பு அந்த விதியில் இல்லை. ஒரு கல் குவாரிக்கான கூட்டத்தில் நாங்கள் கோபத்தில் வெளிநடப்புச் செய்தோம். நடவடிக்கைக் குறிப்பில் எங்கள் ஊர்ப் பெயர்கூட இடம்பெறவில்லை. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. கூட்டம் முழுவதும் காணொளியாகப் பதிவாகும்; முடிவில் பேசியவற்றின் சுருக்கத்தைத் தமிழில் வாசிக்க வேண்டும். அதுவரை இருந்து, தாங்கல் என்ற சொல் அதில் வருகிறதா என்று காதால் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நில அளவர்

அந்தப் புல எண்களுக்கு அ-பதிவேட்டு (ஊரின் நில விவரப் பதிவேடு) நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். வாய்க்கால் புறம்போக்கு என்றோ தாங்கல் என்றோ பதிவாகியிருந்தால், நீர்நிலை இல்லை என்ற வரி அங்கேயே அடிபட்டுப் போகும்.

கேட்டவர்

மிக்க நன்றி. நாளையே வட்டாட்சியர் அலுவலகம் செல்கிறேன். 2015 டிசம்பரில் தாங்கலில் மாடுகளை நீந்தவிட்டு ஓட்டிவந்த படம் தம்பியின் கைப்பேசியில் உள்ளது. அதையும் மனுவுடன் இணைக்கலாமா?

பதில்: நீரோட்டம்

இணையுங்கள். ஆனால் அது பெருவெள்ள ஆண்டு என்பதால், அதை மட்டும் காட்டினால் விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். வழக்கமான மழை பெய்த ஓர் ஆண்டின் கார்த்திகை மாதப் படம், தேதியுடன், கட்டாயம் வேண்டும்.