வாகனக் குதையிலிருந்து இழுக்கும் வயருக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளி காலைக்குள்)

கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர் – செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளி காலை ஒரு செய்முறைத்தாள் அச்சகத்துக்குப் போகவேண்டும். எட்டுப் பக்கமும் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பில் வரவேண்டிய சொல் மட்டும் இல்லை.

காரிலும் வானிலும் சிகரெட் லைற்றர் இருந்த இடத்தில் ஒரு 12 வோல்ற்றுக் குதை (சொக்கெற்) இருக்கிறதல்லவா, அதில் செருகி, நாலைந்து மீற்றர் தள்ளி இன்னொரு குதையைக் கொண்டுவருகிற வயர். அதை மாணவர்கள் தாங்களே செய்யப் பழகவேண்டும். கராச்சில் அதற்குப் பெயர் எக்ஸ்ரென்சன். வீட்டுச் சுவரிலிருந்து இழுப்பதற்கும் அதே பெயர்தான். என் கவலையே அந்த ஒரே பெயரில்தான்.

போன காலபோக அறுவடையில் என் மாணவன் ஒருவன் இரணைமடுவுக்குக் கீழே வாய்க்கால் கட்டில் வானை விட்டு, பழைய ஹெட்லைற் பல்ப் இரண்டை வயலுக்குள் கொண்டுபோய் எரித்தான். ஒவ்வொன்றும் 55 வாற்று. வயர், உடைந்த மேசை விசிறியிலிருந்து வெட்டியது. விளக்கு மங்கலாக எரிந்திருக்கிறது. பற்றரி இறங்கிவிட்டது என்று நினைத்து எஞ்சினை ஓடவிட்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்ரிக் கருகும் மணம்.

அடுத்த நாள் அந்த வயரின் செருகியை (பிளக்கை) கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். நடு ஊசியைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்ரிக் இளகி, ஒரு பக்கமாக வடிந்து இறுகியிருந்தது. ஊசிக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சுருள்வில் நிறம் மாறி, அமத்தினால் திரும்பி வராமல் கிடந்தது. வானின் உருகிக்கு (பியூஸுக்கு) ஒன்றும் நடக்கவில்லை. அது 15 அம்பியர். ஓடியதோ ஒன்பது அம்பியர் அளவு. அது ஏன் உருகப் போகிறது?

"வீட்டில் இந்த வயரில்தானே சேர் எல்லாம் ஓடினது" என்றான். வீட்டில் 110 வாற்றுக்கு அரை அம்பியர் போதும். வானில் ஒன்பது வேண்டும். இதை நான் வகுப்பில் சொல்லாமல் இல்லை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றென்றுதான் கை நினைக்கும். வாகனத்துக்கான வயர் வேறு சாதி என்று பெயரைக் கேட்டவுடனே தெரியவேண்டும். உதவுங்கள்.


வவுனியா, மொழிபெயர்ப்பாளர் – புதன் காலை

கேபிளுக்கு "வடம்" என்பது நமது கலைச்சொற்களில் ஊறிவிட்ட சொல். ஆகவே "நீள்வடம்" என்று எழுதுங்கள். "வாகன நீள்வடம்" என்றால் உங்கள் கவலையும் தீரும். "நீடிப்பு" என்ற பக்கம் மட்டும் போகவேண்டாம், அது தவணைக்கும் விடுமுறைக்கும் உரியது.

இன்னொரு வழியும் உண்டு. செருகுவதைச் செருகி என்றோம், உருகுவதை உருகி என்றோம். அதே இகர விகுதியைப் போட்டால் நீட்டுவது "நீட்டி". மூன்றெழுத்துதான். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தபோது உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் சொல் தேடவேண்டியிருந்தது. அந்தத் துணிவு நமக்கு ஒரு வயருக்கு வேண்டாமா?


முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – புதன் மதியம்

தம்பிமாருக்கு,

"நீள்வடம்" வினைத்தொகை. நீண்ட வடம், நீள்கின்ற வடம், நீளும் வடம் என்று விரியும். வடமா நீள்கிறது? அது இருந்தபடி இருக்கிறது. குதையின் எல்லையைத்தான் அது நீட்டுகிறது. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாட்டைத் தொழிற்பயிற்சி மாணவனுக்கென்றாலும் குழப்பலாகாது. "நீட்டி" என்பதிலோ வேறு இடர்ப்பாடு. "கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்" என்ற குறளில் அது வினையெச்சம். "நீட்டியைச் செருகி" என்று நீங்கள் எழுதினால், அந்தச் செருகி பெயரா எச்சமா?

எல்லோரும் "குதை" என்று எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. விற்குதை என்பது வில்லின் நுனியில் உள்ள வெட்டு. நாணின் கண்ணி வந்து மாட்டும் இடம். அப்படியானால் குதைக்குள் வந்து அமர்வது எது? நாண். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் சோடி அது. "குதைநாண்" என்று வைப்பதே முறை.

நாண் என்பது ஞாண் என்பதன் போலி. மலையாளத்தில் வில்லின் கயிறு இன்றும் ஞாண்தான். நமது வீடுகளில் பிள்ளைக்கு அரையில் கட்டுகிறோமே, அரைஞாண், அதைத்தான் அறுணாக்கொடி என்கிறோம். அங்கே ஞாண் என்பதன் பொருள் மறந்துபோய் மேலே ஒரு கொடியையும் சேர்த்துக்கொண்டோம். ஒரு சொல் தன் பொருளை இழந்தால் இன்னொரு சொல் வந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்வேன். குதையில் தளர்ந்த நாண் அம்பை விடாது. அந்த மாணவனின் செருகியும் குதையில் இறுகி நிற்காமல்தானே சூடானது?


மல்லாவி, வாகன மின்வேலை செய்பவர் – புதன் இரவு

ஐயா சொன்ன கடைசி வரி சரி. செருகியைப் பிடித்து வைத்திருப்பது பக்கத்துத் தகடும் நுனி வில்லும்தான். அவை தளர்ந்தால் தொடுகை குறையும், குறைந்த இடத்தில் சூடு பிறக்கும், சூட்டில் வில் இன்னும் தளரும். உருகி ஓட்டத்தைத்தான் பார்க்கும், சூட்டைப் பார்க்காது.

ஆனால் நாண் என்று கேட்டுக்கொண்டு ஒருவரும் என் கடைக்கு வரமாட்டார்கள். "லைற்றர் வயர்" என்று கேட்பார்கள். எனக்கு விளங்கும், அவர்களுக்கும் விளங்கும். நாங்கள் இருக்கிற கதிரை போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கந்தோர் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. இரண்டையும் தமிழில்லை என்று இன்று யார் சொல்வார்கள்? வயரும் அப்படி வந்து இருந்துவிட்டது.

சொல்லை எப்படியும் வையுங்கள், தாளில் இவை கட்டாயம் வரவேண்டும். 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செம்பு வயரில், மீற்றருக்கு 0.017 ஓம் தடை என்று வையுங்கள். ஐந்து மீற்றர் வயரில் ஓட்டம் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே கணக்கு பத்து மீற்றருக்கு. விசிறி வயர் 0.75 என்றால் 0.23 ஓம்; ஒன்பது அம்பியரில் இரண்டு வோல்ற்று வழியிலேயே போய்விடும். பன்னிரண்டில் இரண்டு போனால் விளக்கு மங்காமல் என்ன செய்யும்? வீட்டு 230 வோல்ற்றில் இரண்டு போனால் ஒருவருக்கும் தெரியாது. 2.5 வயர் போட்டால் 0.6 வோல்ற்றோடு நிற்கும்.

வயருக்குத் தனி உருகி வேண்டும். நல்ல செருகியின் நுனியைத் திருகிக் கழற்றினால் உள்ளே கண்ணாடி உருகி இருக்கும். இல்லாவிட்டால் செருகிக்குக் கிட்ட வயரில் ஒன்று போடுங்கள். மிச்ச வயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது, விரித்துவிட வேண்டும். லொறியிலும் பஸ்ஸிலும் வாய் அதே மாதிரி இருக்கும், ஆனால் 24 வோல்ற்று. எல்லாவற்றையும் விட முக்கியம், இந்த வயரின் எந்த முனையிலும் வீட்டுச் செருகியோ வீட்டுக் குதையோ பூட்டக்கூடாது. வீட்டில் கிடந்தால் என்றோ ஒரு நாள் ஒரு பிள்ளை அதை எடுத்துச் சுவரில் செருகும்.

தொண்ணூறுகளில் இங்கே மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் செய்தி கேட்டோம். அப்போது நாங்கள் சொன்னது "வயரைக் கொழுவு" என்றுதான். நான் அந்தச் சொல்லில்தான் தொழில் பழகினேன். புதுச்சொல் வேண்டுமென்றால் "கொழுவு வயர்" என்று வையுங்கள். வன்னியில் எந்தப் பிள்ளைக்கும் அது விளங்கும்.


முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – வியாழன் அதிகாலை

மல்லாவித் தம்பிக்கு, நீர் சொன்ன சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எழுத்து "கொளுவு". கொள் என்ற அடியிலிருந்து வந்தது. கொழு என்றால் கலப்பையின் கொழு, அது நிலத்தைக் கிழிக்கும், ஒன்றையும் மாட்டாது. பேச்சில் ளகரமும் ழகரமும் ஒன்றாகிவிட்டதால் வந்த வினை இது. தவிர, கொளுவுதலுக்குத் தீ மூட்டுதல் என்றும் பொருள் உண்டு. சூடாகிக் கருகிய ஒரு பொருளுக்கு அந்தப் பெயரை வைப்பதா என்று யோசிக்கவேண்டும்.

வந்த சொற்களைப் பற்றி நீர் சொன்னதை மறுக்கவில்லை. "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியமே இடம் தருகிறது. ஆனால் இடம் தருவது வேறு, இருப்பதைத் தேடாமல் விடுவது வேறு.


மாங்குளம், விஞ்ஞான ஆசிரியை – வியாழன் மாலை

ஐயா, அண்ணை, எல்லோருக்கும் வணக்கம். வாதத்தை வாசித்துவிட்டு இன்று பத்தாம் வகுப்பில் ஒரு வேலை செய்தேன். நீள்வடம், ஐயா சொன்ன பிறவினையை வைத்து நான் மாற்றிய நீட்டுவடம், குதைநாண், நீட்டி, கொளுவு வயர் என்று ஐந்தையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் ஒன்றும் சொல்லாமல், ஒவ்வொன்றுக்கும் படம் கீறச் சொன்னேன்.

குதைநாணுக்கு அநேகமாக எல்லோரும் வில் கீறினார்கள். குதை என்ற சொல்லை மின்னியல் பாடத்தில் கேட்ட பிள்ளைகள்தான், பக்கத்தில் நாண் வந்தவுடன் வில்லுக்குப் போய்விட்டார்கள். ஐயா, உங்கள் சொற்பிறப்பு சரி என்பதற்கு இதுவே சாட்சி. சொல் இங்கே உதவாது என்பதற்கும் இதுவே சாட்சி. நீள்வடத்துக்குப் பலர் தேர்வடம் கீறினார்கள், இழுக்கிற ஆட்களோடு. நீட்டிக்குச் சிலர் நீட்டிய கையைக் கீறினார்கள். கொளுவு வயருக்கு நுனியில் கொக்கி வைத்த கம்பி வந்தது.

நீட்டுவடத்துக்குத்தான் இரண்டு முனையும் உள்ள வயர் வந்தது, ஒரு முனையில் ஊசி, மறுமுனையில் துளை. பின்வாங்கில் இருக்கும் ஒரு பிள்ளை, வயரைத் தேவைக்கு மேல் தடிப்பாகக் கீறியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "வடம் என்றால் மொத்தம்தானே ரீச்சர்" என்றாள். கிளிநொச்சித் தம்பிக்கு வேண்டியது அந்த எண்ணம்தான். மெல்லிய விசிறி வயரை யாரும் வடம் என்று சொல்லமாட்டார்கள்.


வவுனியா, மொழிபெயர்ப்பாளர் – வியாழன் இரவு

"நீட்டி"யை விட்டுவிடுகிறேன். "வாகன நீட்டுவடம்" எனக்குச் சம்மதம். இனி வரும் மொழிபெயர்ப்புகளிலும் அதையே எழுதுவேன். "லைற்றர் குதை" என்று எழுதுவதா "வாகன மின்குதை" என்று எழுதுவதா என்பதைத் தனி இழையில் பேசலாம்.


கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர் – வியாழன் இரவு, பதினொரு மணி

நன்றி ரீச்சர். அந்தப் படத்தை ஒரு படியெடுத்து அனுப்பமுடியுமா? முதற்பக்கத்தில் போட ஆசை.

தலைப்பு "வாகன நீட்டுவடம் செய்தல்". அடுத்த வரியில், கராச்சில் எக்ஸ்ரென்சன் என்றும் லைற்றர் வயர் என்றும் சொல்வது இதைத்தான் என்று எழுதிவிட்டேன். செய்முறையில் வினைச்சொல்லாகக் "கொளுவுக" என்றே போட்டிருக்கிறேன், ளகரத்தோடு. மல்லாவி அண்ணையின் கணக்கு அப்படியே நாலாம் பக்கத்தில் வருகிறது. 12 வோல்ற்று என்ற சொல்லைத் தலைப்பிலேயே சேர்க்கலாமா என்று யோசித்தேன். நீளம் அதிகமாகிவிட்டது, அட்டையில் பெரிய எழுத்தில் தனியாகப் போடுகிறேன்.

தாளின் படி இணைப்பில் உள்ளது. காலை எட்டு மணிக்கு அச்சகத்துக்குப் போகும்.


முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் – வெள்ளி அதிகாலை

பிள்ளைகள் வில் கீறியதற்குச் சொல் பொறுப்பல்ல. குதையை மின்னியலுக்கு எடுத்துக்கொண்டு நாணை வில்லோடு விட்டவர்கள் நாங்கள்தான். இருபது வருடம் வகுப்பில் சொல்லியிருந்தால் இன்று வயரைக் கீறியிருப்பார்கள். பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை, ஆனால் எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். "கொளுவுக" என்று திருத்தியதற்கு நன்றி, தம்பி.


மல்லாவி, வாகன மின்வேலை செய்பவர் – வெள்ளி காலை, ஏழு மணி

தம்பி, அச்சை நிறுத்துங்கோ. மூன்றாம் பக்கத்தில் "நடு ஊசியில் கறுப்பு வயரைக் கொளுவுக" என்று இருக்கிறது. நடு ஊசிதான் நேர்முனை, அதில் சிவப்பு வரவேண்டும். பக்கத்துத் தகடு மறைமுனை, கறுப்பு. இப்படியே செய்தால் மறுமுனையில் கொளுவுகிற சாமான் எதுவானாலும் முனை மாறிப் பழுதாகும். விளக்கென்றால் தெரியாது, போன் சார்ஜர் என்றால் அன்றைக்கே போய்விடும்.


கிளிநொச்சி, தொழிற்பயிற்சி ஆசிரியர் – வெள்ளி காலை, ஏழேகால்

நிறுத்திவிட்டேன் அண்ணை. வயர் கொளுவும் படத்திலும் அதே பிழை இருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டையும் திருத்தி அனுப்புகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.