ஸ்டான்லி பூங்கா: புளிசாதமும் சிப்பிச் சாலையும்

திருச்சிக்காரன்:

கனடாவின் வான்கூவருக்கு வந்து ஆறு வருஷம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்டான்லி பூங்காவுக்குத்தான் கூட்டிப்போவேன். பூர்வகுடி மக்களின் உருவங்கள் செதுக்கிய டோட்டம் மரக்கம்பங்கள் முன்னால் நின்று போட்டோ, ஐஸ்கிரீம், வீடு. போன ஜூனில் அம்மா வந்திருந்தார். கம்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் இந்த ஊர்க்காரங்க செஞ்சதாடா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்த பலகையை அன்றுதான் முழுசாகப் படித்தேன்.

பெரும்பாலான கம்பங்கள் வடக்கே இருக்கும் ஹைடா, குவாக்குவாக்காவாக் போன்ற வேற்று மக்களுடைய மரபு. இந்த மண்ணுக்குரியவர்கள் மஸ்குவீம், ஸ்குவாமிஷ், ஸ்லேல்வாடுத் மக்கள். அவர்கள் செதுக்கியது வீட்டுத் தூண்களைத்தான். பக்கத்திலேயே மஸ்குவீம் கலைஞர் சூசன் பாயின்ட் செதுக்கிய மூன்று மர வாசல்கள் நிற்கின்றன, 2008இல் வைத்தவை. ஆறு வருஷமாக அவற்றைத் தாண்டித்தான் கம்பங்களுக்கு ஓடியிருக்கிறேன். அம்மா நிதானமாக வாசலுக்குள் நுழைந்து வெளியே வந்தார்.

அப்புறம் பூங்காவிலேயே இருக்கும் லம்பர்மேன்ஸ் ஆர்ச் புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். இப்போது குழந்தைகள் தண்ணீரில் கும்மாளம் போடும் அந்த இடம் ஒரு காலத்தில் ஹ்வாய்ஹ்வாய் என்ற கிராமம். முகமூடிகளின் இடம் என்று பொருளாம். தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி ஓடுகள் அங்கே மேடாகக் குவிந்திருந்தன. 1888இல் பூங்காவுக்குச் சாலை போட்டவர்கள் அந்த மேட்டையே வெட்டி எடுத்துப் பரப்பிவிட்டார்கள். இதே பூங்கா நிலத்தில் இருந்த இன்னொரு கிராமத்தில் சிறுவனாக வாழ்ந்த ஸ்குவாமிஷ்காரர் ஆகஸ்ட் ஜாக் கட்சலானோ பிற்காலத்தில் சொன்னது இன்னும் மோசம்: வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, சாலைக்கு அளக்க வந்தவர்கள் வீட்டின் மூலையை வெட்டிவிட்டார்களாம். நாம் 'கிட்ஸ்' பீச் என்று சுருக்கிக் கூப்பிடும் கிட்சிலானோ, அவருடைய தாத்தாவின் பெயரிலிருந்து வந்தது.

இதை நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு ரக்கூன் வந்து அப்பளப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டது. "பாவம், பசி போல" என்று அம்மா மீதிச் சோற்றையும் நீட்டப் போனார். தடுத்துவிட்டேன், அதற்கு வீடு வரை திட்டு.

பர்னபி அக்கா:

தடுத்தது நல்லது தம்பி. 2020 டிசம்பரிலிருந்து அடுத்த கோடைவரை அங்கே கொயோட்டிகள் (ஓநாய் மாதிரி, அதைவிடச் சிறிய விலங்கு) நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்ததை மறந்துவிட முடியுமா? கண்டவர்களும் தீனி போட்டதில் மனிதப் பயமே விட்டுப்போனது முக்கியக் காரணம். கடைசியில் சில கொயோட்டிகளைப் பிடித்துக் கொன்றார்கள். அந்தக் கோடையில் நான் விடிகாலை நடையையே விட்டுவிட்டேன்.

சர்ரே வாசி:

பறவை பார்க்கிறவர்கள் மார்ச் கடைசியில் டென்னிஸ் மைதானப் பக்கம் போங்கள். பெரிய நீல நாரைகள் 2001 முதல் வருஷாவருஷம் அங்கே கூடு கட்டுகின்றன. கழுகு ஒன்று குஞ்சைத் தூக்க இறங்கியதும் மொத்த மரமும் கத்தியதை நேரில் பார்த்தேன், அரை மணி நேரம் நகரவில்லை. வண்டியை மட்டும் மரத்தடியில் நிறுத்தாதீர்கள். மீன் நாற்றம் போக நான் இரண்டு தடவை கழுவினேன்.