கதிரையில் 96, பாலத்தில் 83

அப்பாவுக்கு 67 வயது. இளமையில் இழுத்த சுருட்டுக்கெல்லாம் நெஞ்சு இப்போது கணக்குக் கேட்கிறது. கொரோனா நேரம் வாங்கிய ஒக்சிமீற்றரை, அதுதான் விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஒக்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் சின்ன மெசினை, தேடியெடுத்துக் கதிரையில் இருக்கும்போது மாட்டினால் 96. "பாத்தியா மகன், எனக்கு ஒண்டுமில்ல" என்பார். ஆனால் பின்னேரம் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தில் நடந்தால், பாதிவழியில் நின்று வாவியைப் பார்ப்பார். மீன் பார்க்கிறாராம். மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

ஒருநாள் நடக்க நடக்கவே விரலில் மாட்டிவிட்டேன். 83! எனக்கு வியர்த்துவிட்டது, ஓட்டோ மறிக்கப் பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நாடித்துடிப்பு 58 என்று காட்டுகிறது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால் 100க்கு மேல். துடிப்பையே தவறவிடும் மெசின் ஒக்சிசனை மட்டும் சரியாகச் சொல்லுமா? அப்பாவை நிற்கவைத்து, கையை நெஞ்சோடு அசையாமல் பிடித்தேன். துடிப்பு 108க்கு வந்தது. ஒக்சிசன் 90. மூன்று நிமிடத்தில் 95.

சரி, பயம் போய்விட்டது என்று நினைத்தேன். கிளினிக்கில் டொக்டரின் முகம் மாறியது அந்த 90ஐக் கேட்டுத்தான். 83 கை ஆடியதால் வந்த பொய். விரலைக் கடக்கும் ஒளியில், துடிப்போடு கூடிக்குறைவதை வைத்துத்தான் மெசின் கணக்குப் போடுகிறதாம். கை ஆடினால் அதுவும் துடிப்புப் போலத் தெரியும். ஆனால் நடந்தவுடன் ஆறு புள்ளி இறங்கியது உண்மை. நான்கு இறங்கினாலே பார்க்கவேண்டுமாம். ஆறு நிமிடம் நடக்கவைத்துச் சோதித்தார்கள், மூச்சுக்கு இழுக்கும் பம்பையும் மாற்றினார்கள். இருக்கும்போதே 92க்குக் கீழே போனால் உடனே கொண்டுவரச் சொன்னார். 96, 94 என்று நான் கொப்பியில் எழுதி வைத்ததைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு மூன்று புள்ளி மெசினின் பிழையாகவே இருக்கலாமாம். நம்மைப் போன்ற கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டியும் காட்டுமாம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் உம்மாவுக்கு வேறு கதை. பெருநாளுக்கு விரல் நுனியெல்லாம் கறுத்த மருதோண்டி. மெசினில் வெறும் கோடுதான் வந்தது. வாப்பா பதறிப்போனார். உம்மாவோ அடுப்படியில் வட்டிலப்பம் கிளறிக்கொண்டிருந்தா. கால்விரலில் மாட்டினோம், 98.

அக்கரைப்பற்றிலிருந்து இன்னொருவர்: அண்ணன், அப்பா இப்பவும் மீன் பார்க்கிறாரா?

பதில்: பார்க்கிறார் தம்பி. இப்போது விரலை அவரே நீட்டுகிறார்.