விண்டிக்டிவ்னா சரியா என்ன அர்த்தம்? உதவி பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம், ஒரு இங்கிலீஷ் வார்த்தை ரொம்ப குழப்புது, விண்டிக்டிவ். டிக்ஷனரில பழிவாங்கும் எண்ணம் கொண்டன்னு போட்டிருக்கு, சரி, ஆனா வெஞ்ஜ்ஃபுல்னு தேடினாலும் அதே அர்த்தம்தான் வருது. ரெண்டுமே லத்தீன்ல ஒரே வேர்லேர்ந்து வந்ததுதான், அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்தை?

படிச்ச வரைக்கும் எனக்கு தோணினது என்னன்னா, வெஞ்ஜ்ஃபுல்னா பெரிய அநியாயம் நடந்து அதுக்கு பழி தீர்க்க வர்ற ஆவேசம், பேய்க்கதைல வர்ற ஆவிக்குக்கூட அதைத்தான் போடறாங்க. விண்டிக்டிவ் அப்படி இல்ல, சின்ன விஷயத்தைக்கூட மறக்காம மனசுல வச்சு கறுவிக்கிட்டே இருந்து நேரம் பாத்து கவுத்து விடற குணம். மீட்டிங்ல எதிர்த்து பேசிட்டார்ங்கறதுக்காக ஒருத்தரோட லீவை மேனேஜர் வேணும்னே கேன்சல் பண்ணிக்கிட்டே இருந்தா அது விண்டிக்டிவ்தானே? நம்ம வன்மம்ங்கற வார்த்தைதான் இதுக்கு ரொம்ப பக்கத்துல வருது, பழிவாங்கறதுன்னு மட்டும் எழுதினா அந்த நஞ்சு வரமாட்டேங்குது. (விண்டிகேட் வேற, அது ஒருத்தர் மேல தப்பில்லன்னு நிரூபிக்கறது, அதையும் இதையும் போட்டு குழப்பிக்க வேணாம்.)

இதை ஆளோட குணத்துக்கு மட்டும்தான் சொல்லணுமா, இல்ல ஒரு செயலுக்கு, ஒரு தண்டனைக்கும் சொல்லலாமா? அப்புறம் ஸ்பைட்ஃபுல் இதுலேர்ந்து எங்க மாறுது? ட்ரான்ஸ்லேஷன் பண்றவங்க, இங்கிலீஷ் டீச்சர்ஸ் யாராவது ஒரு ரெண்டு வாக்கியம் எழுதி காட்டினீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.