ஒரு கையால் க்யூப்: இப்போதைய நிலை

ஒரு கையால் 3x3 ரூபிக்ஸ் க்யூபைத் தீர்க்கப் பழக இடது கையா வலது கையா, சின்ன க்யூப் தேவையா என்று முன்பு கேட்டிருந்தேன். இடது கை என்று முடிவு செய்து தொடர்ந்து பழகினேன், இப்போது நடுவில் நிறுத்தாமல் முழுதாகத் தீர்க்க முடிகிறது.

இடது கைக்குக் காரணம் இருக்கிறது. க்யூபைத் தீர்க்க நாம் மனப்பாடம் செய்த சுற்று வரிசைகள் பெரும்பாலும் வலப்பக்க அடுக்கையும் மேலடுக்கையும்தான் சுற்றுகின்றன. இடது கையில் பிடித்தால் மேலடுக்கை ஆள்காட்டி விரலும் வலப்பக்கத்தை மோதிர விரலும் பார்த்துக்கொள்ளும். அந்த மோதிர விரல்தான் பெரும்பாடு! அதற்கு நான் கண்ட சிறந்த பயிற்சி சூன் என்ற வரிசை: ஆர் யு ஆர்' யு ஆர் யு2 ஆர்' (ஆர் என்றால் வலப்பக்கம், யு என்றால் மேலடுக்கு; ' குறி எதிர்த்திசைச் சுற்று, 2 என்றால் அரைச்சுற்று). வேகம் பார்க்காமல், பிடி நழுவாமல் இதையே திரும்பத் திரும்பச் செய்தேன். அப்புறம்தான் மற்ற வரிசைகள் கைக்கு வந்தன. முன்பக்கத்தைச் சுற்றும் வரிசைகளுக்குப் பிடியை மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்று வரிசை இருந்தால் அதையே கற்றுக்கொள்ளுங்கள், அந்த உழைப்பு வீண்போகாது.

சின்ன க்யூப் பற்றி: 54 மி.மீ. அளவு என் கைக்கு நிஜமாகவே வசதி. ஆனால் வழக்கமான 56 மி.மீ. க்யூபிலேயே தாராளமாகத் தொடங்கலாம்.

போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: தீர்க்கத் தொடங்கும் முன் க்யூபைப் பார்த்துக்கொள்ளத் தரும் 15 விநாடி பார்வை நேரத்தில் இரண்டு கையாலும் க்யூபைத் தொடலாம். தீர்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒரே கை.

விரல் வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அடுத்து முன்பக்கம், பின்பக்கம் சுற்றுவதை வெகுவாகக் குறைக்கும் இசட்இசட் (ZZ) என்ற தீர்வு முறையைப் பழகப்போகிறேன்.