மேக்காலத் தோட்டத்துச் சொந்தங்கள்

செந்தில்: சாந்தாக்காளுக்கு வலது மணிக்கட்டு ஒடஞ்சு போச்சுங். மாவுக்கட்டு போட்டிருக்காங்க. 6 வாரம் அசைக்கக் கூடாதாம். என் கல்யாணத்துக்கு 19 நாள்தான் இருக்குது. மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ செய்யற இணைச்சீரை இனி ஆரு செய்யறது?

பழனிசாமி: எப்ப? எப்படி?

செந்தில்: காத்தால. தொவைக்கற கல்லுகிட்ட வழுக்கிக் கையை ஊனியிருக்குது.

மரகதம்: அய்யோ சாமி. பத்திரிகை வெச்சப்பவே சொன்னேன், ஊர்க்கண்ணு பொல்லாதுன்னு. மொளகா சுத்திப் போடுங்க

துரை: பாத்து நடக்கோணும். சோப்புத் தண்ணின்னு தெரியாதா

மரகதம்: மாவுக்கட்டை அவுத்துட்டு புத்தூர்க்கட்டு போடுங்க. சீக்கிரம் கூடும்

கவிதா: அவுக்காதீங்க பெரியத்தை. துரை மாமா, அத்தையத் திட்டாதீங்க. நின்ன எடத்துல விழுந்ததுக்கு எலும்பு ஒடையுதுன்னா எலும்பைத்தான் பாக்கோணும். அத்தைக்கு 47தான். 9 வருசத்துக்கு முன்னால ஆபரேசன் பண்ணுனாங்கல்ல, கர்ப்பப்பை மட்டும் எடுத்தாங்களா, சினைப்பையும் சேத்தா?

துரை: அதுக்கும் கைக்கும் என்ன அம்மிணி

கவிதா: அதுலதானுங்க சங்கதியே இருக்குது. ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் சொரக்கறது சினைப்பையில. எலும்பு கல்லு மாதிரி சும்மா கெடக்கறதில்லைங். பழசை அரிச்சு எடுக்கற செல்லு ஒண்ணு, புதுசாப் பூசற செல்லு ஒண்ணு, ரெண்டும் ஓயாம வேலை செய்யும். ஈஸ்ட்ரோஜன் இருக்கற வரைக்கும் அரிக்கறது அடங்கிக் கெடக்கும். நின்னுட்டா அது மீறிரும், பூசறது ஈடு குடுக்க முடியாது. மாதவிலக்கு நின்ன பொறவு 5, 7 வருசத்துல 20 சதம் வரைக்கும் எலும்பு போயிரலாம். தானா நிக்கறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கொஞ்சங்கொஞ்சமா வத்தும். ரெண்டு சினைப்பையும் எடுத்துட்டா ஒரே நாள்ல போயிரும்.

குமார்: கோபியில இருந்து வேன் ரெண்டு போதுமா?

பழனிசாமி: மூணு சொல்லு. கவிதா, 20 சதம் போனா மீதி 80 இருக்குதல்ல?

கவிதா: நம்ம பழைய ஓட்டு வீட்டை நெனச்சுப் பாருங்கப்பா. கரையான் புடிச்சப்ப சட்டமெல்லாம் நின்னுச்சு, குறுக்க அடிச்ச ரீப்பர்தான் போச்சு. போன மரம் கொஞ்சந்தான், ஓடு பூரா எறங்கிருச்சு. மணிக்கட்டு முனையிலயும் முதுகெலும்புலயும் உள்ளுக்குள்ள வலையாட்ட மெல்லிசுத் தகடும் குச்சியுமா இருக்கும். தகடு ஓட்டை விழுந்து குச்சியாகும், குச்சி மெலிஞ்சு அந்து போகும். அந்த எடத்துல பூசறதுக்குச் சாரம் இல்லை, அதனால அந்து போனது பெரும்பாலும் திரும்ப ஒண்ணு சேராது. எலும்பு கொறையறதைவிட பலம் வேகமாக் கொறையறது அதனாலதான். வெளிச்சுவரு மெதுவா மெலியும். அதுதான் முதல்ல மணிக்கட்டு, பொறவு முதுகு, வயசான காலத்துல இடுப்பு.

பழனிசாமி: அந்த ஓட்டு வீட்டு மரம் ஆரு வீட்டுக்குப் போச்சுன்னுதான் இன்னும் தெரியலை

மரகதம்: எங்க வீட்டுக்காரர் காசு குடுத்துத்தான் எடுத்தாரு. எத்தனை தடவை சொல்றது?

பழனிசாமி: நான் ஆரையும் சொல்லலை

குமார்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சாந்தா: எடது கையில அடிக்கறேன். கர்ப்பப்பை மட்டுந்தான்னு சொன்னாங்க. ஆனா வந்த பத்து நாள்லயே ஒடம்பு தீயா எரிஞ்சுது. ராத்திரி தலகாணி நனஞ்சிரும். ஆருகிட்டயும் சொல்லலை

கவிதா: எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை. சினைப்பையும் போயிருக்குமோன்னு தோணுது. டிஸ்சார்ஜ் சீட்டைப் பாத்தாத்தான் தெரியும்.

துரை: பீரோ மேல பச்சைப் பையில இருக்கும். மொத்தமா எடுத்துட்டா தொல்லை விட்டுதுன்னு எங்கம்மா சொன்னாங்க. நான் கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருந்துதுன்னு படிக்கலை

செந்தில்: விடுங்க மச்சான்

பழனிசாமி: அம்மாவுக்குக் கூன் விழுந்ததும் இதுதானா?

கவிதா: அப்படித்தான் இருக்கோணுங்கப்பா. அப்பத்தா சீலை முன்னெல்லாம் கணுக்காலுக்கு மேல நிக்கும். இப்ப தரையில இழுபடுது. பரண்ல இருந்து புளிப்பானையத் தானே எறக்குனவங்களுக்கு இப்ப கை எட்டறதில்லை. முதுகெலும்பு வலியே தெரியாமக்கூட அமுங்கும். எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க.

மரகதம்: எனக்கும் 41ல எடுத்தாங்க. எதை எடுத்தாங்கன்னு நானும் கேக்கலை

கவிதா: பெரியத்தை, நீங்களும் அத்தைகூட வாங்க. எலும்பு அடர்த்தி பாக்கற டெக்ஸா ஸ்கேன் எடுப்போம், வலிக்காது. அதுல வர்ற டி-ஸ்கோர்ங்கற எண்ணு மைனஸ் 2.5 இல்லீனா அதுக்குக் கீழ இருந்தா எலும்புப்புரை. கால்சியம் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேணும். 100 கிராம் ராகியில 350 கிட்ட இருக்குது, களியை விடாதீங்க. ஆனா களி மட்டும் அரிக்கறதை நிறுத்தாது. அதுக்கு வாரம் ஒண்ணு போடற மாத்திரை உண்டு, டாக்டர் எழுதுனா மட்டும். வெறும் வயித்துல பச்சத்தண்ணியில முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது.

மரகதம்: சரி கண்ணு. எப்பப் போறது?

செந்தில்: இணைச்சீருக்குப் பதில் சொல்லுங்க

பழனிசாமி: மரகதத்தோட தங்கச்சி பிரியா செய்யட்டும். அவளும் கூடப்பொறந்த மொறைதான்

மரகதம்: காதுகுத்துக்குக் கூப்பிடாதவங்களுக்கு இப்பத்தான் பிரியா நெனப்பு வந்துதா

சாந்தா: நான்தான் செய்வேன். எந்தம்பி கல்யாணம். கூறைச்சீலைக் கூடையை எடது கையில புடிச்சுக்கறேன்

கவிதா: நிக்கறப்ப பிரியா பக்கத்துல இருந்து தாங்கிக்கட்டும் அத்தை

மரகதம்: பிரியாகிட்டக் கேக்கறேன். வாக்குக் குடுக்க மாட்டேன்

குமார்: அப்ப வேன் மூணுங்களா?

துரை: பச்சைப் பை கெடச்சுது. போட்டோ போட்டிருக்கேன், பாரு அம்மிணி

கவிதா: இது பில்லுங் மாமா. பின்னால இன்னொரு சீட்டு மடிச்சிருக்கும், அதைப் போடுங்க