இதயத்தின் பம்பிங் குறைந்தவர்களுக்கு மயக்க ஊசி: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

மதுரை நர்ஸ்:
எண்டோஸ்கோபி அறையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர் குடல் பரிசோதனைக்கு வந்தார். பழைய மாரடைப்பால் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான்; நல்ல இதயத்துக்கு 55-க்கு மேல் இருக்கும். மயக்க டாக்டர் மேடம் புரோபோஃபாலை, அந்த வெள்ளை மருந்தை, வழக்கத்தில் பாதிக்கும் குறைவாக எடுத்து மெதுவாக ஏற்றினார். பெரியவர் கண்ணையே மூடவில்லை, பேரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த டெக்னீசியன் தம்பி, "இன்னும் கொஞ்சம் போடலாமா மேடம்?" என்றான். "பொறுப்பா. இவருக்கு ரத்தம் மெதுவா ஓடுது. போட்ட மருந்தே இன்னும் மூளைக்குப் போய்ச் சேரல" என்றார். அப்படியே காத்திருந்தோம். அதே அளவிலேயே தூங்கிவிட்டார், பிபி மட்டும் 130-லிருந்து 92-க்கு வந்தது. அவசரப்பட்டு இரண்டாவது டோஸும் போயிருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ! அந்த மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும், இதயத் தசையின் வலுவையும் கொஞ்சம் குறைக்கும். தூக்க மருந்தான மிடாசோலம் அதிகமானால் அதை முறிக்க ஃப்ளூமாசெனில் இருக்கிறது, வலி மருந்தான ஃபென்டனிலுக்கு நலாக்ஸோன் இருக்கிறது. புரோபோஃபாலுக்கு அப்படி முறிமருந்து கிடையாது. அதன் வேகம் அடங்கும்வரை பிபியையும் மூச்சையும் நாம்தான் தாங்க வேண்டும்.

கோவை மகள்:
அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும்தான் எங்கள் டாக்டர் ஏன் அவ்வளவு நிதானமாக இருந்தார் என்று புரிகிறது. அம்மாவுக்குப் பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருக்கிறது. பித்தக் குழாயில் கல் எடுக்கப் போனோம். எக்கோ ரிப்போர்ட்டைப் பார்த்த மயக்க டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "வால்வு குறுகலா இருக்கறதால, பிபி இறங்கினா இதயத்தால கூடுதலா பம்ப் பண்ணி ஈடுகட்ட முடியாதும்மா. இதயத்துக்கே போற ரத்தமும் குறைஞ்சிடும்." அம்மா விழித்திருக்கும்போதே மரத்துப்போக ஊசி போட்டு, மணிக்கட்டுத் தமனியில் குழாய் வைத்தார்கள். துடிப்புக்குத் துடிப்பு பிபி திரையில் தெரியுமாம். தூங்கவைக்க எட்டோமிடேட் கொடுத்தார்கள். அது பிபியை அவ்வளவாக இறக்காதாம். பிபி மாத்திரையான டெல்மிசார்டனை முந்தைய நாளே நிறுத்தச் சொன்னவர், இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோபுரோலாலை மட்டும் காலையில் ஒரு வாய் தண்ணீரோடு போடச் சொன்னார். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தயவுசெய்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

மயக்கவியல் மருத்துவர்:
கெட்டமின் என்ற மயக்க மருந்து பிபியை இறக்காதே, அதையே கொடுக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இறக்காதுதான். ஆனால் துடிப்பையும் பிபியையும் ஏற்றிவிடும். அடைப்பு உள்ள இதயத்துக்கு அப்போது ஆக்சிஜன் அதிகம் தேவைப்படும், அடைபட்ட குழாயால் கொடுக்க முடியாது. டெக்ஸ்மெடெட்டோமிடின் என்ற தூக்க மருந்தில் சிக்கல் வேறு, அது துடிப்பைக் குறைக்கும். மெட்டோபுரோலால் எடுத்துவந்த ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது துடிப்பு 38-க்கு இறங்கியது. சொட்டு மருந்தை நிறுத்தி, துடிப்பை ஏற்றும் அட்ரோபின் கொடுத்தோம், ஏறிவிட்டது. எந்த மருந்து என்பதைவிட யாருக்கு, எவ்வளவு, எவ்வளவு மெதுவாக என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மதுரை நர்ஸ்:
கோவைத் தங்கச்சி, அம்மாவுக்கு வால்வு மாற்ற நாள் குறித்தாச்சா? அன்றைய மயக்க மருந்துக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். எதைக் கொடுத்தார்கள், பிபி எங்கே இறங்கியது, எதனால் ஏறியது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த டாக்டருக்கு ரொம்ப உதவும்.